பின்சீட்டில் வைத்த மணல் மூட்டைகள்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏதோ ஒரு பெரிய கார் கம்பெனி, சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய விலையில் சின்னக் கார்கள் செய்யப் போகிறதாம். அதுவும் இப்போது ஓடுகிற கார்களைப்போல முன்சக்கரத்தால் இழுபடாமல், பின்சக்கரத்தால் தள்ளப்படுகிற கார்களாம். போன வாரம் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் இப்போது இருக்கும் பிள்ளைகள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு மலாக்கா கஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பழைய தொழிலாளர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம்.

"அங்கிள், அந்தக் காலத்துல இந்த மாதிரி சின்னக் கார டெஸ்ட் பண்ணவரு நீங்கதானாமே? நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க" என்றார்கள்.

எழுதுகிறேன். நல்லதாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. நாலு வார்த்தையில் முடியுமா என்பதற்கும் பொறுப்பில்லை.

நான் தொழில் கற்ற கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. சண்டை முடிந்ததும் அம்மா என்னை மலாக்கா டவுனுக்கு அனுப்பினாள். கார் விற்கும் கம்பெனி ஒன்றின் வொர்க்‌ஷாப்பில் கார் கழுவச் சேர்ந்தேன். கழுவினேன், டயர் கழற்றினேன், பிரேக் பார்த்தேன், இன்ஜின் இறக்கினேன். திட்டு வாங்கினேன், சுடு தண்ணீரில் கையைச் சுட்டுக்கொண்டேன். எல்லோரும் பட்டதுதான். சுதந்திரப் பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட நாட்களில் நான் முழு மெக்கானிக். கல்யாணமும் ஆகிவிட்டது. என் மனைவி பார்வதியும் தோட்டத்துப் பெண்தான். அதிகம் பேசமாட்டாள், பேசினால் பொய் பேசமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அதைப் பற்றியதுதான்.

எங்கள் வொர்க்‌ஷாப்புக்குத் தலைவர் திரு. அருளானந்தம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கால்சட்டை, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. காலையில் போட்டு வந்த வெள்ளை சாயங்காலமும் வெள்ளையாகவே வீட்டுக்குப் போகும். கிரீசுக்கு நடுவில் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பையில் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று முகத்துக்கு, மற்றது காருக்கு. வேலை முடிந்த காரை இடமிருந்து வலமாக ஒரு சுற்று வருவார். காருக்கான கைக்குட்டையை விரலில் சுற்றிக் கதவுப் பிடியின் அடியில் ஒரு இழுப்பு இழுப்பார். துணியில் கறை ஒட்டினால் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துணியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாம் துவைத்து, காயவைத்து, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். காதுக்கே எட்டாத குரலில் பேசினார் என்றால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

இன்ஜினை அவர் ஒரு நீண்ட மரக்கோலால் கேட்பார். ஒரு நுனி இன்ஜின்மேல், மறுநுனி காதெலும்பில். கண்ணை மூடிக்கொண்டு, "மூண்டாவது சிலிண்டரிலை வால்வ் தட்டுது" என்பார். திறந்தால் அங்கேதான் இருக்கும். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கெட்டிக்காரர் என்பதால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அவர் வைத்த சட்டங்களில் ஒன்று எல்லாவற்றுக்கும் மேலானது. மெக்கானிக் எவனும் எந்தக் காரின் பின்சீட்டிலும் உட்காரக் கூடாது. பின்சீட்டு முதலாளிகள் உட்காரும் இடம். நம் உடுப்பில் எண்ணெய் இருக்கும், கிரீஸ் இருக்கும். பின்சீட்டில் வேலை என்றால் மண்டியிட்டுச் செய்ய வேண்டும். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிப் பின்சீட்டில் கண்ணயர்ந்த ஒரு ஆளை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எங்களுக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, யோசிக்காமலேயே செய்தோம்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் சீமையிலிருந்து மூன்று கார்கள் வந்தன. பெயரில்லாத கார்கள். முகப்பில் இருக்க வேண்டிய எழுத்துகளைப் பிடுங்கிவிட்டு அனுப்பியிருந்தார்கள். சின்ன வண்டி, இரண்டே கதவு. முன்னால் திறந்தால் பெட்டி வைக்கும் இடம். இன்ஜின் பின்னால், பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். அது பின்சக்கரங்களை நேராகச் சுழற்றியது. நடுவில் ஓடும் நீண்ட தண்டு இல்லாததால் விலை குறைவு. வாத்தியாரும் குமாஸ்தாவும் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டக்டரும் வாங்குகிற விலையில் விற்கப் போகிறோம் என்றார்கள். சோதனை சரியாக அமைந்தால் கார்களைத் துண்டுதுண்டாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கேயே பூட்டுவார்கள். அதற்கு ஒரு பெரிய ஷெட், டவுனுக்கு வெளியே குருபோங் பக்கம். இடம்கூடப் பார்த்துவிட்டார்கள்.

அந்த ஷெட்டை நாங்கள் ஒவ்வொருவரும் மனசுக்குள் கட்டி முடித்துவிட்டோம். வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பப் போகிறார். அந்த நாற்காலி அருளானந்தத்துக்கு என்று அவரே நினைத்தார், நாங்களும் நினைத்தோம். ஷெட்டுக்கு ஒரு ஃபோர்மன் வேண்டும். அது நானாக இருக்கலாம், அல்லது என்னோடு சோதனைக்குப் போடப்பட்ட வேலு நாய்க்கராக இருக்கலாம். நாய்க்கர் இதே கஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரர்; பல நூறு வருடம் முன்பே இங்கே குடியேறி மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன வணிகர் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் மலாயிலேயே பேசிக்கொள்வோம். நல்ல வேலைக்காரர். அவரோடு எனக்குச் சண்டை என்று அப்போது எதுவும் இல்லை.

சோதனை எப்படி நடந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் காற்றைப் பார்ப்போம். எண்ணெய், தண்ணீர், பிரேக். பிறகு மூட்டை ஏற்றுவோம். காரில் ஆட்கள் நிறைந்திருந்தால் எப்படி ஓடும் என்று தெரிய வேண்டுமல்லவா? முன்னால் நானும் நாய்க்கரும். பின்சீட்டில் ஆள் எடைக்கு நிறைத்த மணல் மூட்டைகளைத் துணி விரித்து உட்கார வைத்துக் கயிற்றால் கட்டுவோம். அப்படியே செங், குருபோங், அலோர்காஜா, அங்கிருந்து தோட்டத்துச் செம்மண் பாதை, தம்பின் ஏற்றம் என்று சுற்றுவோம். ஏற்றத்தில் இன்ஜின் எவ்வளவு சூடாகிறது, ஈர மண்ணில் பின்சக்கரம் எப்படி வழுக்குகிறது, பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் என்ன சொல்கிறது எல்லாம் குறிப்போம். திரும்பி வந்ததும் பிரேக் டிரம்மில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். அருளானந்தம் மரக்கோலோடு வந்து இன்ஜினைக் கேட்பார். மாதக்கணக்கில் இப்படி ஓட்டினோம். நல்ல வண்டி அது. செம்மண் ஏற்றத்தில் பெரிய கார்கள் திணறிக்கொண்டிருக்கும்போது இது முனகாமல் ஏறும். எனக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது.

கடைசியில் சீமையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவ்வளவு உயரமான மனிதரை நான் பார்த்ததில்லை. நெட்டைத் துரை என்று பெயர் வைத்தோம். அவர் வந்த நேரம் மாசி மாதம், செங் பக்கத்தில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலில் திருவிழா. தன் சொந்தக் காரில் கோயிலுக்குப் போகும் மலாயாக் குடும்பம் என்று ஒரு படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று துரைக்குத் தோன்றிவிட்டது. அருளானந்தம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"சுப்பையா, உம்முடைய மனுசியைக் கூட்டிக்கொண்டு வாரும். நாய்க்கரும் தன்ரை மனுசியைக் கூட்டி வரட்டும். நல்ல சீலை உடுத்தி வரச் சொல்லும்."

பார்வதி அந்த வருடம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். எனக்கு ஃபோர்மன் வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். விரதம் இருந்தாள். மஞ்சள் சேலை கட்டி வந்தாள். நாய்க்கரின் மனைவி காமாட்சி, அந்த ஆட்களின் வழக்கப்படி மலாய்ப் பெண்களைப்போல சாரோங் கெபாயாவில் வந்தார். கையில் வாசனைத் தண்ணீர் தெளித்த ஒரு கைக்குட்டை. மூட்டைகளை இறக்கி, துணியை உதறி, பின்சீட்டில் இரண்டு பெண்களையும் உட்கார வைத்தோம். நான் ஓட்டினேன். என் பக்கத்தில் அருளானந்தம். நெட்டைத் துரையும் படக்காரரும் நாய்க்கரும் பின்னால் வேறு காரில் வந்தார்கள்.

நேராகப் போனால் கோயில் பக்கம்தான். படத்துக்கு ரப்பர் மரங்கள் வேண்டும் என்று குருபோங் தோட்டப் பாதை வழியாகச் சுற்றச் சொன்னார் துரை. நல்ல வெயில். முன் கண்ணாடிகள் இரண்டையும் முழுக்க இறக்கிவிட்டிருந்தோம். எங்களுக்குக் காற்று ஜிலுஜிலு என்று வந்தது. பின்பக்கத்துக் கண்ணாடிகள் திறக்க முடியாதவை. வழியில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். கோயிலை நெருங்கும்போது கூட்டம். கார் ஊர்ந்துதான் போனது. அப்போது பின்னாலிருந்து பார்வதி, "இந்தாங்க" என்றாள்.

அருளானந்தம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அவள் வாயை மூடிக்கொண்டாள். கணவனின் மேலதிகாரி முன்னால் எனக்கு முடியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத பெண். நான் கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள். செம்மண் தூசிக்கு என்று நினைத்தேன்.

கோயில் அடிவாரத்தில் கார் நின்றது. பார்வதி இறங்கினாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்படியே சரிந்துவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள். முகம் சிவந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. நெட்டைத் துரை ஓடிவந்து என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அருளானந்தம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். விரதம் சார், மத வழக்கம், ஒன்றும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். துரை தலையை ஆட்டினார். சுற்றி நின்ற பெண்களும் "பாவம், வெறும் வயிறு" என்றார்கள். அவளால் குடம் தூக்க முடியவில்லை. அவள் நேர்ந்த குடத்தை வேறு ஒருத்தி தூக்கிக்கொண்டு படியேறினாள். பார்வதி மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகுதான் பேசினாள்.

"விரதம் இல்லங்க. நான் எத்தன வருசமா வெரதம் இருக்கேன்! என்னாமோ பொக வாட. முதுகுக்குப் பின்னால இருந்து வந்துச்சு. லோரி பின்னால நின்னா வருமே, அந்த வாட. போகப்போகத் தல கிண்ணுன்னு ஆயிருச்சு. வாந்தி வந்துச்சு, முழுங்கிக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"உங்க பெரியவரு திரும்பிப் பாத்தாரே. எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலையில் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். நாய்க்கரை ஓட்டச் சொன்னேன். முன் கண்ணாடிகளைத் திறக்கச் சொன்னேன். புறப்பட்டபோது ஒன்றுமில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு வந்தது. முன்னால் திறந்திருந்த கண்ணாடி வழியாகக் காற்று ஓடும்போது அது காரின் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்தது; அதற்கு ஈடாகப் பின்னாலிருந்த தடுப்பின் இடுக்குகள் வழியாக இன்ஜின் அறைப் புகை உள்ளே வந்தது. நாய்க்கருக்கு ஒரு சிறு வாடைகூட இல்லை. எனக்குக் குருபோங் தாண்டுவதற்குள் மண்டை பிளந்தது. நிறுத்தச் சொல்லி வெளியே பாய்ந்து, ஓடைக்கரையில் வாந்தி எடுத்தேன். நாய்க்கர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என் பக்கம் பேசமாட்டார் என்று அப்போதே நான் புரிந்துகொண்டிருக்கலாம்.

அருளானந்தத்திடம் போய் நின்றேன். கேட்டார். குரல் இறங்கியது.

"நீர் இத்தனை மாசம் அந்தக் காரை ஓட்டினீர். ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப உம்முடைய மனுசி விழுந்தாப்போல காரிலை பிழை வந்திட்டுதோ?"

"இத்தன மாசம் பின்னால மூட்டதான் இருந்துச்சு, சார். மூட்ட வாயத் தொறந்து சொல்லுமா?"

"அவ விரதம். வெறும் வயிறு, வெயில். மயங்கினா. அதோடை விடும்."

"நான் விரதம் இல்லையே, சார். நான் பசியாறிட்டுத்தான் ஒக்காந்தேன். நானும் வாந்தி எடுத்தேன்."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். இப்போது அவர் பேசியதைக் கேட்க நான் மேசைமேல் குனிய வேண்டியிருந்தது.

"சுப்பையா, நல்லாக் கேளும். இதைச் சொன்னீரெண்டால் அவங்கள் இஞ்ச ஷெட் போட மாட்டாங்கள். சோதினையிலை தவறின காரை ஆர் பூட்டுவான்? எத்தனை வருசமா நான் அந்த மேனேஜர் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறன் எண்டு உமக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரன் போக இன்னொரு வெள்ளைக்காரன் வந்து இருப்பான். நான் அவனுக்கும் வேலை பழக்குவன். இப்ப ஒருக்கால்தான் வழி திறந்திருக்குது. உமக்கும் திறந்திருக்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் காரை வாங்குகிற ஒவ்வொரு வாத்தியாரும் முன்னால் உட்கார்ந்து காற்று வாங்குவார், பின்சீட்டில் அவர் மனைவியும் பிள்ளைகளும் அல்லவா உட்காருவார்கள்? சொன்னேன். "அது கம்பெனியின்ரை பாடு" என்றார். இரக்கம் போய்விட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தோடு நேரே நெட்டைத் துரையிடம் போனேன்.

துரை பொறுமையாகக் கேட்டார். பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேனேஜர் அறையில் பார்வதி நின்றாள், அவள் பக்கத்தில் காமாட்சி. நாய்க்கர் வாசலருகே நின்றார். அருளானந்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். பிறகு துரை காமாட்சியைப் பார்த்து உங்களுக்கு வாடை வந்ததா என்று கேட்டார்; அதையும் நான் மலாயில் சொன்னேன்.

காமாட்சி கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார்.

"தா அடா" என்றார். இல்லை, ஒன்றும் இல்லை.

பார்வதி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தச் சீட்டு எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பார்வதி, "போலாங்க" என்றாள் என்னிடம்.

துரை தானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். அவருடைய கால் பின்சீட்டில் எங்கே அடங்கும்? முழங்கால் மோவாயில் இடிக்க, தலையைச் சாய்த்துக்கொண்டு டவுனுக்குள்ளேயே பண்டார் ஹிலிர் வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டு இறங்கிவிட்டார். இன்ஜின் சூடேறக்கூட இல்லை. ஆனாலும் அவர் மோசமான மனிதர் இல்லை. பின் தடுப்பின் விளிம்பெல்லாம் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கம்பெனியிடம் சொல்கிறேன் என்றார். என் கையைக் குலுக்கினார். கப்பல் ஏறிப் போய்விட்டார்.

சுதந்திரம் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் நின்று நாங்களும் கத்தினோம், எங்கள் தொண்டையும் கட்டியது. அதற்குப் பிறகு சில மாதங்களில் தகவல் வந்தது: மலாக்காவில் ஷெட் இல்லை. காரணம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனிக்குப் பணமில்லாமல் போயிருக்கலாம். வேறு நாட்டில் நல்ல துறைமுகம் கிடைத்திருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. மூன்று கார்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சொல்லாத காரணத்தை ஊர் தானே செய்துகொண்டது. சுப்பையா பெண்டாட்டி மயக்கம் போட்டாள், ஷெட் போய்விட்டது. வொர்க்‌ஷாப்பில் என்னோடு பசியாறிக்கொண்டிருந்தவர்கள் மேசை மாறி உட்கார்ந்தார்கள். தம்பிக்கு வேலை வாங்கலாம் என்றிருந்தவர், மகனைச் சேர்க்கலாம் என்றிருந்தவர் எல்லோருக்கும் கை காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். பார்வதியைச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது அவள் காதில் விழும்படி பேசினார்கள். கோயிலில் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "நாய்க்கர் சம்சாரமும் அதே கார்லதானே வந்துச்சு? அதுக்கு வராத வாட ஒனக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு? செத்த நேரம் மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா என்னா?"

பொய்க்காரி என்று சொல்லவில்லை. அதைவிட வசதியாக மயக்கக்காரி என்று பெயர் வைத்தார்கள். பொய்க்காரி என்றால் சண்டைக்குப் போகலாம். மயக்கக்காரி என்றால் என்ன செய்வது? அடுத்த வருடம் அவள் பால்குடத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, "வேணாம்மா, பாதியில விழுந்துட்டா சாமி குத்தமாயிரும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தத் திருவிழாவுக்கே போகவில்லை.

வெள்ளைக்கார மேனேஜர் போனார். கோலாலம்பூரிலிருந்து இன்னொரு வெள்ளைக்காரர் வந்தார். அருளானந்தம் சொன்னது அப்படியே நடந்தது. அவருக்கும் வேலை பழக்கிக் கொடுத்தார். இருந்த வொர்க்‌ஷாப்புக்கே ஒரு ஃபோர்மன் வேண்டியிருந்தது. நாய்க்கருக்குக் கொடுத்தார்கள். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். மரியாதையாகத்தான் நடத்தினார், என் சம்பள உயர்வுக்குப் பரிந்து பேசினார் என்றுகூடக் கேள்வி. அந்தக் காரைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பல வருடம் கழித்து ஒரு வாத்தியார் ஒரு சின்னக் காரை சர்வீசுக்குக் கொண்டுவந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அதே வண்டி. இப்போது முகப்பில் பெயர் இருந்தது. வேறு ஏதோ நாட்டில் பூட்டி, கப்பலில் வந்திருந்தது. பின்சீட்டின் முதுகைக் கழற்றினேன். தகரத் தடுப்பைச் சுற்றி, நாலு விளிம்பிலும், இடுக்கே இல்லாமல் தடித்த ரப்பர் பட்டை வைத்துத் தகட்டால் இறுக்கியிருந்தார்கள். பின்சீட்டுக்காரர்களுக்குக் காற்று வர ஜன்னலோரம் திறப்பு வேறு. என் பார்வதி வாந்தியை விழுங்கிக்கொண்டு கண்டுபிடித்த பிழை. ரப்பர் இந்த நாட்டிலிருந்தே போயிருக்கும். ஒரு ஆள் ஒரு காலைப்பொழுதில் செய்து முடிக்கிற வேலை. அதற்காக ஷெட்டை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

அருளானந்தம் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். போய்க் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை விரலில் சுற்றி அந்த ரப்பரை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை அழுத்திக்கொண்டே போனார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவையும் அழுத்தினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது தூசிக்குப் போட்டிருக்கிறாங்கள்" என்றார். போய்விட்டார்.

அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பார்வதி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் மீனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என் மூக்கு எனக்குத் தெரியாதா? எனக்கு எதுக்கு வந்து சொல்றீங்க? யாரு நம்பலையோ அவங்ககிட்டப் போயி சொல்லுங்க."

சொன்னேன். கோயிலில் சொன்னேன், கோப்பிக் கடையில் சொன்னேன், வொர்க்‌ஷாப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அதெல்லாம் பழைய கத, சுப்பையா. இன்னுமா அத வச்சிக்கிட்டிருக்க?" என்றார்கள். ஷெட்டைப் பற்றிய கோபம் அவர்களுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. காரும் தெரியாமல் கதையும் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள்கூட அவளை மயக்கக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருக்கும்.

பார்வதி போன வருடம் தவறிவிட்டாள். வீட்டு முன்கூடத்தில் கிடத்தியிருந்தோம். பழைய வொர்க்‌ஷாப் ஆட்களில் மிஞ்சியவர்கள் வந்திருந்தார்கள். கோயில் பெண்களும் நிறையப் பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நாய்க்கர் அவளுக்கு முன்பே போய்விட்டார். காமாட்சி மட்டும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று போலவே சாரோங் கெபாயா. முதுகு நன்றாக வளைந்திருந்தது. பேத்தியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கஷ்டப்பட்டுக் குனிந்து பார்வதியின் காதருகே வாயை வைத்தார். நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது.

"அடா பாவு, பார்வதி" என்றார். "ஹாரி இத்து, அடா பாவு."

வாடை இருந்தது. அன்றைக்கு வாடை இருந்தது.

மலாயில் சொன்னேன்: "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அக்கா. எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்."

காமாட்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்.